காசாளர் முகப்பில் புதிதாக அமர்பவர்களுக்கு: பணம் கட்டுபவரையும் எடுப்பவரையும் அடையாளம் காணும் முறை

இந்திய வங்கிக் கிளை ஒன்றில் எழுத்தராகச் சேர்ந்து, பயிற்சி முடிந்த சில வாரங்களிலேயே கேஷ் கவுண்டரில் அமர்த்தப்படும் இளையவர்களுக்காக இக்கட்டுரையை எழுதுகிறேன். கே.ஒய்.சி. என்று நாம் சொல்லும் வாடிக்கையாளர் அடையாள நடைமுறை, கணக்குத் தொடங்கும் நாளோடு முடிந்துவிடுவதாகப் பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அன்று வாங்கி வைத்த புகைப்படமும் மாதிரிக் கையொப்பமும் உண்மையில் பயன்படத் தொடங்குவது, யாரோ ஒருவர் உங்கள் முன் வந்து நின்று பணம் கேட்கும்போதுதான். அப்போது உங்களுக்குக் கிடைப்பது ஓரிரு நிமிடங்களே. ஓய்வூதியம் வரவு வைக்கப்பட்ட நாளென்றால் வரிசை வாசல்வரை நிற்கும். அந்த நெருக்கடியிலும் தவறாமல் செய்யவேண்டியவற்றைப் பழக்கமாக்கிக்கொள்வதே முதல் மாதத்தின் உண்மையான வேலை.

தொடங்கும் முன் ஒரு வேறுபாட்டை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பணம் கட்ட வருபவர் கணக்குக்காரராக இருந்தே ஆகவேண்டும் என்பதில்லை. மகன் கட்டலாம், கடைப் பையன் கட்டலாம், பக்கத்து வீட்டுக்காரரும் கட்டலாம். எடுக்க வருபவரோ, அந்தக் கணக்கை இயக்கும் உரிமை உள்ளவராகவோ அவர் எழுதிக் கொடுத்த காசோலையைக் கொண்டு வந்தவராகவோ இருக்கவேண்டும். ஆகவே கட்டும் இடத்தில், பணம் சரியான கணக்குக்குப் போகிறதா என்பதையும் கொண்டு வந்தவர் யார் என்பது பதிவாகிறதா என்பதையும் பார்க்கிறோம். எடுக்கும் இடத்தில் மூன்று கேள்விகள் எழுகின்றன: இவர்தான் அவரா, இந்தக் கணக்கிலிருந்து எடுக்க இவருக்கு உரிமை இருக்கிறதா, இவர் தம் சொந்த விருப்பத்தில்தான் எடுக்கிறாரா. மூன்றாவது கேள்வியைப் பழைய பயிற்சிக் குறிப்புகள் அதிகம் பேசுவதில்லை. இன்று அதைத் தவிர்க்கவே முடியாது.

பணம் கட்ட வருபவர்

முதலில் செலானை முழுமையாகப் படியுங்கள். கணக்கு எண், பெயர், எண்ணாலும் எழுத்தாலும் எழுதிய தொகை, கட்டுபவரின் கையொப்பம், கைபேசி எண் ஆகிய எல்லாம் இருக்கவேண்டும். கணக்கு எண்ணைக் கணினியில் தட்டியதும் திரையில் வரும் பெயரை நீங்களாக வாசித்துக் காட்டாதீர்கள். "யார் பேருக்குக் கட்டணும், அம்மா?" என்று கேட்டு, அவர் வாயால் வரும் பெயரைத் திரையோடு ஒப்பிடுங்கள். நீங்கள் பெயரைச் சொன்னால், கவனிக்காமலே "ஆமாம்" என்று தலையாட்டிவிடுவார்கள். ஒரே கிராமத்தில் ஒரே பெயரில் பத்துக் கணக்குகள் இருப்பது நம் பக்கத்தில் மிகச் சாதாரணம். சில வேளை தந்தை பெயரும் ஒன்றாகவே இருக்கும். அத்தகைய இடங்களில் பாஸ்புக், கணவர் அல்லது தந்தை பெயர், தெருப் பெயர் ஆகியவற்றில் ஒன்றையாவது கூடுதலாகப் பாருங்கள். ஓர் இலக்கம் மாறி வேறொருவர் கணக்கில் விழுந்த பணத்தை மீட்க வாரக்கணக்கில் அலையவேண்டி வரும், அந்தப் பணத்தை அவர் எடுத்துச் செலவழித்துவிட்டால் அலைச்சல் இன்னும் நீளும்.

தொகை பெரிதானால் பான் எண் தேவைப்படும். 1962-ஆம் ஆண்டு வருமான வரி விதிகளின் 114பி, ஒரே நாளில் 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் கட்டுபவர் பான் எண்ணைக் குறிப்பிடவேண்டும் என்று நெடுங்காலமாகச் சொல்லி வந்தது. ஒரு நிதியாண்டில் ரொக்கமாகக் கட்டுவதோ எடுப்பதோ மொத்தம் 20 லட்சத்தை எட்டினாலும் பான் அல்லது ஆதார் எண் வேண்டும் என்ற விதி 2022-இல் சேர்ந்தது. 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருவதையொட்டி இத்தகைய வரம்புகளும் மாறக்கூடியவை என்பதால், உங்கள் வங்கியின் அண்மைச் சுற்றறிக்கையில் உள்ள தொகையையே பின்பற்றுங்கள். பான் இல்லாதவரிடம் அதற்கு மாற்றான உறுதிமொழிப் படிவத்தை வாங்கவேண்டும். பழைய சட்டத்தின்கீழ் அது படிவம் 60.

பான் எண்ணின் அமைப்பைத் தெரிந்து வைத்திருப்பது பயன் தரும். முதல் ஐந்து இடங்கள் ஆங்கில எழுத்துகள், அடுத்த நான்கு இலக்கங்கள், கடைசியில் ஓர் எழுத்து. நான்காவது எழுத்து தனிநபருக்கு 'பி', கம்பெனிக்கு 'சி', கூட்டாண்மை நிறுவனத்துக்கு 'எஃப்', இந்துக் கூட்டுக் குடும்பத்துக்கு 'எச்'. ஐந்தாவது எழுத்து தனிநபரின் குடும்பப் பெயருடைய முதல் எழுத்து. குடும்பப் பெயர் வழக்கமில்லாத தமிழ்நாட்டில் அந்த இடத்தில் பல நேரம் தந்தை பெயரின் முதல் எழுத்து வந்திருக்கும். ஆகவே அவரது சொந்தப் பெயரோடு அது பொருந்தவில்லை என்பதற்காக அட்டை போலி என்று முடிவு கட்டாதீர்கள். பான் அட்டையில் தந்தை பெயர் விரிந்தும், ஆதாரில் இனிஷியல் பின்னாலும், பாஸ்புக்கில் இனிஷியல் முன்னாலும் இருப்பது நம் மக்களின் அன்றாட அவதி. பிறந்த தேதி, தந்தை பெயர், புகைப்படம் ஆகியவை ஒத்துப்போகின்றனவா என்று பார்த்து, ஐயம் தீராவிட்டால் அதிகாரியிடம் காட்டுங்கள்.

உங்கள் வங்கியில் கணக்கே இல்லாத ஒருவர் வந்து 50,000 ரூபாயோ அதற்கு மேலோ பரிவர்த்தனை செய்தால், அவரது அடையாளத்தையும் முகவரியையும் ஆவணம் பார்த்துச் சரிபார்க்கவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் கே.ஒய்.சி. வழிகாட்டுதலின் விதி. தொகையைத் துண்டு துண்டாகப் பிரித்துக் கட்டினாலும், அவை ஒன்றோடொன்று தொடர்புடையவை என்று தோன்றினால் இதே விதி பொருந்தும். 50,000 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள வரைவோலையையோ நெஃப்ட் பணப் பரிமாற்றத்தையோ ரொக்கத்துக்குக் கொடுக்கக் கூடாது. கணக்கிலிருந்து பற்று வைத்தோ காசோலை பெற்றோதான் செய்யவேண்டும். ஒருவர் அடுத்தடுத்த நாள்களில் 49,000, 49,500 என்று கட்டிக்கொண்டே போனால் அதை மனத்தில் குறித்துக்கொண்டு மேலாளரிடம் சொல்லுங்கள். அவரிடமே விசாரணை நடத்த வேண்டாம்.

கட்டுபவர் கண்முன் பணத்தை எண்ணுவது நேர்மைக்காக மட்டும் செய்வதன்று. கட்டில் கள்ளநோட்டு இருந்தால் அதைக் கொண்டு வந்தவர் இன்னார்தான் என்று உறுதியாகச் சொல்ல முடியவேண்டும். அப்படிப்பட்ட நோட்டைத் திருப்பிக் கொடுக்கவோ கிழித்துப் போடவோ கூடாது. முத்திரையிட்டுக் கைப்பற்றி, உரிய ஒப்புகைச் சீட்டில் நீங்களும் கையெழுத்திட்டு, அவரிடமும் கையெழுத்து வாங்கி, சீட்டை அவரிடம் தரவேண்டும். அவர் கையெழுத்திட மறுத்தாலும் சீட்டு தரப்படவேண்டும். ஒரே பரிவர்த்தனையில் நான்கு நோட்டுகள் வரை இருந்தால் மாத இறுதியில் ஒரே அறிக்கையாகக் காவல்துறைக்குப் போகும். ஐந்தோ அதற்கு மேலோ இருந்தால் உடனே முதல் தகவல் அறிக்கை பதிவு செய்யப்படவேண்டும். இது கேஷியர் தனியாகக் கையாளும் விஷயமன்று, நோட்டைப் பார்த்தவுடனே அதிகாரியை அழைத்துவிடுங்கள்.

பணம் எடுக்க வருபவர்

எடுக்கும் படிவத்துக்கும் காசோலைக்கும் உள்ள வேறுபாட்டில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுகிறார்கள். படிவம் கணக்குக்காரர் நேரில் வந்து தமக்காக எடுப்பதற்கு மட்டுமே உரியது. அதோடு பாஸ்புக்கும் வேண்டும். "அப்பாவுக்கு உடம்பு முடியல, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்" என்று மகன் படிவத்தை நீட்டினால், கையெழுத்து அச்சுப்போல் பொருந்தினாலும் பணம் தர இயலாது. காசோலை அப்படியன்று, அதை வேறொருவர் கொண்டு வரலாம்.

காசோலையில் தேதியைப் பாருங்கள்: 2012 ஏப்ரல் 1 முதல் அதன் ஆயுள் மூன்று மாதங்கள்தான், வரப்போகும் தேதி இட்டதற்கும் இன்று பணம் கிடையாது. இடது மூலையில் இரண்டு கோடுகள் இருந்தால் அதைக் கவுண்டரில் ரொக்கமாக்கவே கூடாது, கணக்கில்தான் வரவு வைக்கவேண்டும். கொண்டு வருபவருக்குப் பணம் தரும் 'பேரர்' காசோலையில், பெற்றுக்கொள்பவரின் அடையாளத்தைச் சட்டம் வற்புறுத்தவில்லை என்றாலும், பின்புறம் கையெழுத்தும், தொகை பெரிதானால் அடையாள ஆவணமும் கைபேசி எண்ணும் வாங்குவது வங்கிகளின் வழக்கம். 'பேரர்' என்ற சொல் அடிக்கப்பட்டிருந்தால் அது பெயருக்குரியவருக்கோ அவர் பின்புறம் எழுதி மாற்றிக் கொடுத்தவருக்கோ மட்டும் தரவேண்டியதாகிவிடுகிறது; அவர்தான் இவர் என்பதை நிறுவாமல் பணம் தராதீர்கள்.

அடுத்து, கையெழுத்தைப் பார்ப்பதற்கு முன் கணக்கின் நிலையைப் பாருங்கள். முடக்கம், நீதிமன்ற ஆணை, இறந்தவர் என்ற குறிப்பு, கே.ஒய்.சி. புதுப்பிக்கப்படவில்லை என்ற எச்சரிக்கை ஆகியவை திரையில் சிறிய எழுத்தில் ஓர் ஓரமாக வரும். இரண்டு ஆண்டுகளுக்கு மேல் வாடிக்கையாளர் தாமாக எந்தப் பரிவர்த்தனையும் செய்யாத கணக்கு இயக்கமற்ற கணக்காகிவிடும். அதற்குப் புதிதாகக் கே.ஒய்.சி. வாங்கி, அதிகாரி உயிர்ப்பித்த பிறகே பணம் தரலாம். அப்படி உயிர்ப்பிக்கக் கட்டணம் வாங்கக் கூடாது. நெடுநாள் உறங்கிய கணக்குகளே மோசடிக்காரர்களுக்கு வசதியானவை. உள்ளே இருப்பவர்களின் துணையோடு நடக்கும் மோசடிகளுக்கும் அவையே இலக்காகின்றன.

இயக்கும் முறையையும் அதே திரையில் பார்த்துவிடுங்கள். கூட்டுக் கணக்கில் 'இருவரில் ஒருவர் அல்லது எஞ்சியவர்' என்றிருந்தால் ஒருவர் கையெழுத்துப் போதும். 'இருவரும் சேர்ந்து' என்றிருந்தால் இருவரும் இடவேண்டும். 'முதலாமவர் அல்லது எஞ்சியவர்' என்றிருந்தால் முதலாமவர் உயிரோடிருக்கும்வரை இரண்டாமவருக்கு எடுக்கும் உரிமை இல்லை. கணவன் மனைவி வழக்குகளில் இந்தக் கடைசி வகைதான் கவுண்டரில் சண்டையாக வெடிக்கும்.

கையொப்பத்தை ஒப்பிடும் கலை

மாதிரிக் கையொப்பத்தையும் தாளில் உள்ளதையும் ஒருமுறை பார்த்து "ஒரே மாதிரிதான் இருக்கிறது" என்று விடுவது போதாது. எழுத்து எங்கே தொடங்குகிறது, பேனா எங்கே தூக்கப்படுகிறது, சாய்வு எந்தப் பக்கம், இனிஷியலுக்கும் பெயருக்கும் இடைவெளி எவ்வளவு, கடைசிக் கீற்று எப்படி முடிகிறது என்று ஐந்து இடங்களைப் பாருங்கள். உண்மையான கையெழுத்து வேகமாக ஓடும், பார்த்து வரைந்த கையெழுத்து மெதுவாக ஊர்ந்திருக்கும், கோட்டில் நடுக்கமும் தேவையற்ற நிறுத்தங்களும் தெரியும். யாரும் இரண்டு முறை அணுவும் பிசகாமல் ஒரே மாதிரி கையெழுத்துப் போடுவதில்லை. மாதிரியோடு முழுக்க முழுக்க ஒன்றிப்போகும் கையெழுத்தும் ஐயத்துக்குரியதே, அது அடியில் வைத்து வரைந்ததாக இருக்கலாம்.

கையெழுத்து மாறுவதற்கு நேர்மையான காரணங்கள் ஏராளம். முதுமையில் கை நடுங்கும். பக்கவாதம் வந்தவர் இடது கையால் போடுவார். கணக்குத் தொடங்கியபோது தமிழில் போட்டவர் இன்று ஆங்கிலத்தில் போட்டுவிட்டு, எதற்காக மறுக்கிறோம் என்று புரியாமல் நிற்பார். பொருந்தவில்லையென்றால் உங்கள் முன்னாலேயே இன்னொருமுறை போடச் சொல்லுங்கள். ஆனால் எந்த நிலையிலும் மாதிரிக் கையொப்பத்தை வாடிக்கையாளருக்குக் காட்டக் கூடாது; திரையை அவர் பக்கம் திருப்புவதும், "உங்க இனிஷியல் முன்னாடி ஒரு வளைவு வரணும்" என்று சொல்லிக் கொடுப்பதும் அந்தச் சோதனையையே பொருளற்றதாக்கிவிடும். கையெழுத்து நிலையாக மாறியிருந்தால் அடையாள ஆவணம் பெற்று, அதிகாரி முன்னிலையில் புதிய மாதிரியைப் பதிவு செய்வதே வழி.

இதில் இவ்வளவு கண்டிப்பு ஏன் என்பதற்குச் சட்டத்தில் விடை இருக்கிறது. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம், நல்லெண்ணத்தோடும் கவனக்குறைவு இல்லாமலும் செய்த பட்டுவாடாவுக்கு வங்கிக்குப் பாதுகாப்பு அளிக்கிறது. ஆனால் கணக்குக்காரரின் கையெழுத்தே போலி என்றால் அங்கே அவரது ஆணையே இல்லை. கனரா வங்கிக்கும் கனரா சேல்ஸ் கார்ப்பரேஷனுக்கும் இடையிலான வழக்கில், கம்பெனியின் கணக்கரே 42 காசோலைகளில் நிர்வாக இயக்குநரின் கையெழுத்தைப் போலியாக இட்டு மூன்று லட்சத்துக்கு மேல் எடுத்திருந்தார். பாஸ்புக்கைப் பார்த்தும் வாடிக்கையாளர் பல ஆண்டுகள் கண்டுகொள்ளவில்லை என்று வங்கி வாதாடியது. 1987-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்காமல், இழப்பை வங்கியே ஏற்கவேண்டும் என்று தீர்ப்பளித்தது. கவுண்டரில் நாம் விடும் கவனக்குறைவுக்கு வாடிக்கையாளரின் அசட்டை சாக்காகாது.

முகத்தைப் பார்க்கும்போது, புகைப்படம் பத்து ஆண்டுக்கு முந்தையதாக இருக்கலாம் என்பதை நினைவில் வையுங்கள். முடியும் உடம்பும் மாறும். காதின் வடிவம், கண்களுக்கிடையே உள்ள தூரம், தாடை, மச்சம் ஆகியவை அதிகம் மாறுவதில்லை. முகத்திரை அணிந்து வரும் பெண்களின் முகத்தைப் பார்க்கவேண்டியிருந்தால், பெண் ஊழியர் ஒருவர் தனி அறையில் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். எல்லோர் முன்னும் திரையை விலக்கச் சொல்வது அவமதிப்பு. ஐயம் இருந்தால், ஆவணத்தில் அச்சிட்டிருக்காத ஒன்றைக் கேளுங்கள்: கடைசியாக எப்போது எடுத்தீர்கள், வாரிசுதாரராக யாரை நியமித்தீர்கள், எந்தப் பணம் இந்தக் கணக்குக்கு வருகிறது. பிறந்த தேதியை மட்டும் கேட்பதில் பயனில்லை, திருடப்பட்ட ஆதார் அட்டையிலேயே அது இருக்கும்.

பணம் தரும் முன், படிவத்தின் பின்புறம் உங்கள் கண் பார்க்க இரண்டாவது கையெழுத்து வாங்குங்கள். முன்பக்கக் கையெழுத்து வீட்டில் போட்டதாக இருக்கலாம், பின்பக்கத்தது உங்கள் முன் போட்டது. நோட்டு விவரத்தை எழுதிக்கொண்டு, பெயரைக் கேட்டு, "எவ்வளவு எழுதியிருக்கீங்க, ஐயா?" என்று தொகையையும் அவர் வாயால் சொல்ல வைத்த பிறகே பணத்தை நீட்டுங்கள். உங்கள் வரம்புக்கு மேற்பட்ட தொகைக்கு அதிகாரியின் அனுமதி திரையில் வந்தால் மட்டும் போதாது. தாளை அவர் உண்மையில் பார்த்தாரா என்பதும் முக்கியம்.

கைநாட்டு வைப்பவர்களும் வர இயலாதவர்களும்

ஏமாற்றப்பட்டால் திரும்ப எழ முடியாதவர்கள் இவர்கள்தான் என்பதால், இந்தப் பகுதியில் என் வற்புறுத்தல் அதிகம். எழுதத் தெரியாதவர் கணக்கில் பணம் எடுக்க, அவர் பாஸ்புக்கோடு நேரில் வரவேண்டும். பெருவிரல் ரேகையை அதிகாரி முன்னிலையில் வைக்கவேண்டும். அதிகாரி அதைச் சான்றளிக்கவேண்டும். ஆணுக்கு இடது பெருவிரல், பெண்ணுக்கு வலது பெருவிரல் என்பது பழைய வழக்கம். எதுவானாலும் பதிவில் எந்த விரல் இருக்கிறதோ அதையே வாங்குங்கள். ரேகையைக் கண்ணால் ஒப்பிட்டு உறுதி செய்யும் திறன் நம்மிடம் இல்லை, ஆகவே இங்கே புகைப்படமே முதன்மைச் சான்று.

படிவத்தை யார் நிரப்பினார்கள் என்று கவனியுங்கள். முதியோர் உதவித்தொகையை எடுக்க வந்த பாட்டிக்கு, அவர் கேட்டதைவிட அதிகத் தொகையை எழுதிக் கொடுத்து, வெளியே காத்திருந்து மிச்சத்தை வாங்கிக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். "பாட்டி, எவ்வளவு வேணும்?" என்று நேரடியாக அவரையே கேளுங்கள், உடன் வந்தவரைப் பார்த்துக் கேட்காதீர்கள். பணத்தையும் பாஸ்புக்கையும் அவர் கையிலேயே கொடுங்கள். பார்வையற்றவருக்குத் தொகையை வாசித்துக் காட்டி, நோட்டுகளை வகை பிரித்துச் சொல்லிக் கொடுங்கள். பார்வை இல்லை என்பதற்காகக் காசோலை முதலிய வசதிகளை மறுக்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் தெளிவான உத்தரவு.

நோயால் கையெழுத்திடவோ வரவோ முடியாதவருக்கும் வழி இருக்கிறது. கை அல்லது கால் பெருவிரல் ரேகையை, வங்கி அறிந்த இரு சாட்சிகள் அடையாளம் காட்டவேண்டும். அவர்களில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலராக இருக்கவேண்டும். ரேகையும் வைக்க முடியாதவர் ஏதேனும் ஒரு குறியை இடலாம். அதற்கும் அதே இரு சாட்சிகள். அவர் சார்பில் பணத்தை யார் பெறுவார் என்பதையும் அவரே காட்டவேண்டும். பெறுபவரையும் இரு சாட்சிகள் அடையாளம் காட்டி, அவர் கையெழுத்தையும் வாங்கவேண்டும். படுக்கையில் கிடப்பவரைக் கட்டிலோடு தூக்கி வரச் சொல்லும் கொடுமைக்கு விதியில் இடமே இல்லை. 70 வயதைக் கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டுக்கே சென்று அடிப்படைச் சேவைகளை வழங்க முயலும்படி ரிசர்வ் வங்கி 2017 நவம்பரில் அறிவுறுத்தியது. உங்கள் கிளையில் அதற்கான ஏற்பாடு என்ன என்பதை முதல் வாரத்திலேயே கேட்டு வையுங்கள்.

கணக்குக்காரர் இறந்துவிட்டார் என்று உங்களுக்குத் தெரிய வந்தால், அவர் முன்பே கையெழுத்திட்டு வைத்த காசோலைக்கும் பணம் தரக் கூடாது. ஈமச் சடங்குச் செலவுக்கென்று குடும்பத்தார் கண்ணீரோடு கேட்பார்கள். கனிவோடு உட்கார வைத்து, வாரிசுதாரர் நியமனம் இருந்தால் எவ்வளவு எளிதில் முடியும் என்பதை விளக்கி, மேலாளரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

அடையாளம் சரி, விருப்பம் யாருடையது?

காவல்துறையினர்போல் நடித்து, கைபேசி அழைப்பிலேயே 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டிப் பணம் பறிக்கும் மோசடியில், வாடிக்கையாளரே நேரில் வருகிறார். முகம், கையெழுத்து, ஆதார் எல்லாம் சரியாக இருக்கும். ஆனால் கைபேசி அழைப்பு துண்டிக்கப்படாமல் சட்டைப்பையில் இருக்கும். பல ஆண்டு காத்த வைப்புத்தொகையை அன்றே முறிக்கவேண்டும் என்பார், காரணம் கேட்டால் ஒப்பித்ததுபோல் சொல்வார், நிதானமாக அமரவே மாட்டார். இந்தக் குறிகள் சேர்ந்து தெரிந்தால் அவசரப்படாமல் மேலாளர் அறைக்கு அழைத்துச் சென்று, கைபேசியை அணைத்து வைக்கச் சொல்லிப் பேசவேண்டும். இந்தியச் சட்டத்தில் டிஜிட்டல் கைது என்று ஒன்று இல்லவே இல்லை என்பதை அவருக்குச் சொல்லுங்கள். பணம் ஏற்கெனவே போயிருந்தால் 1930 என்ற உதவி எண்ணில் உடனே புகார் பதிய வையுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணிக்கும் பணம் இன்னும் பல கணக்குகளுக்குச் சிதறிவிடும்.

ஆவணங்களும் ஐயங்களும்

ஏற்கத்தக்க அடையாள ஆவணங்கள் ஆறு: பாஸ்போர்ட், ஓட்டுநர் உரிமம், ஆதார், வாக்காளர் அட்டை, மாநில அரசு அலுவலர் கையொப்பமிட்ட நூறு நாள் வேலை அட்டை, தேசிய மக்கள்தொகைப் பதிவேட்டின் கடிதம். எல்லாவற்றுக்கும் ஆதாரையே கேட்கும் பழக்கத்தை விடுங்கள். பாஸ்புக்கும் கையெழுத்தும் பொருந்திய சிறு தொகைக்கு அது தேவையே இல்லை. ஆதாரை வாங்கினால் அச்சிட்ட எழுத்தை நம்பாமல் அதிலுள்ள க்யூஆர் குறியீட்டை உரிய செயலியால் படித்துப் பாருங்கள், ஏனெனில் அட்டையின் மேல் படத்தை மாற்றி ஒட்டுவது எளிது. பன்னிரண்டு இலக்க எண் பூஜ்யத்திலோ ஒன்றிலோ தொடங்காது. நகல் எடுத்தால் முதல் எட்டு இலக்கங்களை மறையுங்கள், வீணான நகலைக் குப்பைக்கூடையில் அப்படியே போடாதீர்கள்.

மறுக்கவேண்டி வந்தால், "நீங்க அவரில்லை" என்று ஒருபோதும் சொல்லாதீர்கள். "கையெழுத்து பதிவோட ஒத்துவரல, ஐயா, அதிகாரியைப் பார்த்துட்டு வந்துடுங்க" என்று தாழ்ந்த குரலில் சொன்னால் நேர்மையானவரின் மானமும் காக்கப்படும், மோசடிக்காரருக்கும் எந்தக் குறிப்பும் கிடைக்காது. ஐயத்துக்குரிய பரிவர்த்தனை என்று தோன்றியதை மேலாளருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அங்கிருந்து அது வங்கியின் முதன்மை அலுவலர் வழியாக நிதிப் புலனாய்வுப் பிரிவுக்குப் போகும். அப்படி அறிக்கை போவதை அந்த வாடிக்கையாளரிடம் மறைமுகமாகச் சொல்வதும் 2002-ஆம் ஆண்டின் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த விதிகளுக்கு முரணானது.

மாலையில் பணம் சரியாக நின்றதும் எழுந்துவிடத் தோன்றும். வவுச்சர்களைக் கட்டும் முன் ஒருமுறை புரட்டி, இரண்டாவது கையெழுத்து விடுபட்டது, ரேகைக்குச் சான்றொப்பம் இல்லாதது, பான் எண் எழுதாதது ஆகியவற்றைத் தனியே எடுத்து வையுங்கள். அன்றே அதிகாரியிடம் காட்டினால் வாடிக்கையாளரை மறுநாள் அழைத்துச் சரிசெய்துவிடலாம். வவுச்சர் கட்டு ஆவண அறைக்குப் போய்விட்டால், தணிக்கையாளர் வந்து எடுக்கும்வரை அதை யாரும் பார்க்கப்போவதில்லை.